30 மதிப்பெண்ணுக்குப் படித்த பியாஜே, மூன்றாம் பீரியடில் என்ன ஆகிறார்?

டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வில் 150 கேள்விகள். அதில் 30, ‘குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும்’ என்ற பகுதிக்கு. வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் இந்தத் தேர்வுக்குப் படிக்கிறவர்களைக் கேட்டால், குழந்தையின் சிந்தனை வளர்வதற்கு உளவியலாளர் பியாஜே வகுத்த நான்கு நிலைகளையும் வயதோடு ஒப்பிப்பார்கள். கற்றலை விலங்குகளை வைத்துச் சோதித்தவர்களையோ, பாவ்லோவுக்கு நாய், தார்ண்டைக்குக்குப் பூனை, கோலருக்குக் குரங்கு, ஸ்கின்னருக்கு எலி என்று விலங்கை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். தேர்வு முடிந்ததும் அந்த மிருகக்காட்சி சாலையை இழுத்து மூடிவிடுகிறோம். வேலை கிடைத்து எட்டாம் வகுப்புக்குள் போய் நிற்கும்போது கைவசம் இருப்பது, நமக்குப் பாடம் நடத்தியவரின் பாணி மட்டும்தான்.

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. யார் எந்த ஆண்டில் என்ன சொன்னார் என்று படித்த விஷயம், 45 நிமிட பீரியடில் அடுத்து என்ன செய்வது என்ற கேள்விக்குத் தானாகப் பதில் சொல்லாது. இந்தக் கோட்பாடுகள் எல்லாம் ஒரே எடை கொண்டவையும் அல்ல. சில தினமும் உதவும், சில பின்னால் திருத்தப்பட்டவை, ஒன்றைக் குப்பையில் போடலாம். பழைய பெரிய பெயர்களைவிட, நினைவு எப்படி வேலை செய்கிறது என்று கண்டறிந்த ஆய்வுகளே வகுப்புக்குள் அதிகம் கைகொடுக்கின்றன. ஒரே ஒரு கணக்கை வைத்து அதைப் பார்த்துவிடலாம்.

கத்தரிக்காய் கணக்கு

எட்டாம் வகுப்பு, லாப நட்டம். கணக்கு இது: ஒரு வியாபாரி இலவம்பாடியில் 40 கிலோ முள்ளுக் கத்தரிக்காயைக் கிலோ 28 ரூபாய்க்கு வாங்குகிறார். வண்டி வாடகை 80 ரூபாய். வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் கொட்டிப் பார்த்தால் 4 கிலோ சொத்தை. மீதியைக் கிலோ 40 ரூபாய்க்கு விற்கிறார். லாப சதவீதம் என்ன?

பெரியவர்களுக்கு இது இரண்டு நிமிட வேலை. 13 வயதுப் பிள்ளைக்கு அப்படியல்ல. புதிய சங்கதிகளை மனம் ஒரே நேரத்தில் கையில் ஏந்திக்கொள்ளும் இடத்தைச் செயல்நினைவு என்கிறோம். அது மிகச் சிறியது. ஜார்ஜ் மில்லர் 1956இல் அதன் அளவை ஏழு, இரண்டு கூடலாம் குறையலாம் என்றார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதை நான்கு அளவுக்கு இறக்கிவிட்டார்கள். மேலே உள்ள கணக்கில் ஐந்து எண்கள் இருக்கின்றன. 40 என்பது இரண்டு முறை வருகிறது, ஒரு முறை கிலோவாக, ஒரு முறை ரூபாயாக. எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது, கடைசியில் எதன் மேல் சதவீதம் போடுவது என்ற முடிவுகள் தனி. ஏந்தும் கை நிறைந்து வழிந்துவிடுகிறது. அப்போது பிள்ளை எண்களைப் பிடித்து ஏதாவது செய்து முடித்துவிடப் பார்க்கும். நாம் அதைக் கவனக்குறைவு என்று எழுதிவைக்கிறோம்.

இந்த இடத்தில் வாய்ப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மனப்பாடம் என்றாலே முகம் சுளிப்பது இப்போது நாகரிகம். ஆனால் 28ஐ 4ஆல் பெருக்கத் திணறுகிற பிள்ளைக்கு, இருக்கிற நான்கு இடத்தில் இரண்டு அதிலேயே போய்விடும். வாய்ப்பாடு நாக்கில் இருந்தால் அந்த இடம் யோசிக்க மிஞ்சும். திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை உருப்போட்டு, முந்திரி என்றால் 320இல் ஒன்று, காணி என்றால் 80இல் ஒன்று, மா என்றால் 20இல் ஒன்று என்று வாயில் வரவைத்ததற்கு இந்தப் பயன் உண்டு. உருப்போட்டதை எங்கே பயன்படுத்துவது என்று சொல்லித்தராமல் விட்டால்தான் அது வீண்.

சுமையைக் குறைக்கும் வழியை ஜான் ஸ்வெல்லரும் உடன் ஆய்ந்தவர்களும் 1980களில் காட்டினார்கள். புதிய வகைக் கணக்கைப் பிள்ளைகளிடம் கொடுத்து முட்டிமோத விடுவதைவிட, முழுக்கச் செய்து முடித்த கணக்கைப் படிக்கவைப்பது தொடக்கத்தில் நல்ல பலன் தருகிறது. கரும்பலகையில் நான்கு வரி:

வாங்கிய தொகை: 40 × 28 = 1,120
அடக்கம்: 1,120 + 80 = 1,200
விற்ற தொகை: 36 × 40 = 1,440
லாபம் 240. சதவீதம்: 240 ÷ 1,200 × 100 = 20

முதல் கணக்கில் நான்கு வரியும் இருக்கும். இரண்டாவதில் எண்களை மாற்றி, கடைசி வரியை மட்டும் காலியாக விடவேண்டும். மூன்றாவதில் கடைசி இரண்டு வரி காலி. நான்காவதில் கேள்வி மட்டும். இப்படிப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக உருவினால் 20 நிமிடத்தில் நான்கு கணக்கு முடியும். அறிமுகக் கணக்கில் இரண்டு 40 வராமல் விற்பனை விலையை வேறாக வைத்துக்கொள்வது நல்லது. அந்தப் பொறியை நான்காவது கணக்குக்கு எடுத்துவைக்கலாம்.

இதில் வழக்கமாகக் கெடுவது ஒன்று உண்டு. பலகையில் எழுதியதும் 40 தலைகளும் குனிந்து நோட்டில் எழுதத் தொடங்கும். எழுதுவது படிப்பதாகாது, கை ஓடும், மனசு எங்கேயோ இருக்கும். அதனால் முதல் கணக்கின்போது நோட்டு மூடியிருக்கட்டும். இரண்டாவது வரியில் நிறுத்தி, “80ஐ ஏன் இங்க கூட்டினோம்? கடைசியில கழிச்சா என்ன ஆகும்?” என்று கேட்கவேண்டும். மாணவர் தன் வாயால் காரணம் சொல்லும்போதுதான் அந்த வரி அவருடையதாகிறது. ஏற்கெனவே நன்றாகக் கணக்குப் போடும் பிள்ளைக்கு இந்த முழு விடையே சுமையாகிவிடும் என்பதையும் பின்வந்த ஆய்வுகள் காட்டின. அவர்களை நேராக நான்காவது கணக்குக்கு அனுப்பிவிடலாம்.

“புரிஞ்சுதா?” “புரிஞ்சுது சார்!”

தமிழ்நாட்டு வகுப்பறையில் இதைவிடப் பெரிய பொய் சாட்சி கிடையாது. கூட்டமாகக் குரல் கொடுக்கும்போது யாருக்குப் புரிந்தது என்பது யாருக்கும் தெரியாது. முன் பெஞ்சில் இரண்டு பேர் சொன்ன விடையை மற்றவர்கள் அரை நொடி தள்ளிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

சிலேட்டு இதற்கு நல்ல மருந்து. கேள்வி கேட்டதும் எல்லோரும் தனித்தனியே எழுதி, “மூணு, ரெண்டு, ஒண்ணு” என்றதும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டவேண்டும். முன்னாலேயே ஒருவர் தூக்கிவிட்டால் பக்கத்தில் உள்ளவர் அழித்து எழுதிவிடுவார், அந்த ஒழுங்கு பழக ஒரு வாரம் ஆகும். சிலேட்டு இல்லாவிட்டால் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும்.

கத்தரிக்காய் கணக்கைக் கேட்டுத் தூக்கிய சிலேட்டுகளில் 20 என்று இருந்தால் சரி. தவறான விடைகளுக்குத்தான் இன்னும் மதிப்பு. 16⅔ என்று இருந்தால் 240ஐ 1,440ஆல் வகுத்திருக்கிறார். லாபம் எதன் மேல் கணக்கிடப்படுகிறது என்பது பிடிபடவில்லை. 28.57 என்றால் வண்டி வாடகையை மறந்துவிட்டார். 33⅓ என்றால் சொத்தைக் காயையும் விற்றுவிட்டார். மூன்றும் மூன்று வேறு நோய்கள். வாடகையை மறந்தவருக்கு ‘கேள்வியை இன்னொரு தடவை படி’ என்ற ஒரு வரி போதும். 16⅔ போட்டவருக்கு அது போதாது, கருத்தே நழுவியிருக்கிறது. ‘தப்பு’ என்று பொதுவாகச் சொல்லிப் பாடத்தை முதலிலிருந்து நடத்தினால் மூவருக்கும் பலனில்லை, சரியாகப் போட்டவருக்குச் சலிப்பு.

கேள்விக்குப் பிறகு காத்திருப்பதும் ஒரு வேலைதான். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சுமார் ஒரு நொடிதான் பொறுத்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியதும் விடைகள் நீண்டன, வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். மூன்று நொடி சும்மா நிற்பது நம் ஆட்களுக்கு மூன்று யுகம். மனதுக்குள் ‘ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு, ஆயிரத்து மூணு’ என்று எண்ணிக்கொண்டால் கைவரும்.

நேற்று நடத்தியது எங்கே போகிறது

ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே உருப்போட்டு, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று தன்னையே சோதித்து 1885இல் வெளியிட்டார். கற்ற முதல் சில மணி நேரத்தில் சரிவு செங்குத்தாக இருக்கிறது, பிறகு மெல்லத் தணிகிறது. பாடம் நடத்தி முடித்த அன்று எல்லோரும் சரியாகச் சொன்னார்களே, மாதத் தேர்வில் எங்கே போயிற்று என்ற புலம்பலுக்கு இதில் பாதி விடை இருக்கிறது.

மறுபாதி 2006இல் கிடைத்தது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது நான்கு முறை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: படித்தவர்களுக்கு நினைவில் இருந்தது சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் வேடிக்கை, தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியது நான்கு முறை படித்த குழு. மார்ச் மாதம் மொட்டை மாடியில் புத்தகத்தைப் பிடித்து நடந்துகொண்டே படிக்கிற பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வரும் நம்பிக்கையும் இதுதான்.

வகுப்பில் இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும். பீரியட் தொடங்கியதும் பலகையில் நான்கு கேள்வி இருக்கட்டும்: ஒன்று நேற்றையது, ஒன்று போன வாரத்தது, ஒன்று போன மாதத்தது, ஒன்று போன ஆண்டுப் பாடத்தில் இன்று தேவைப்படப்போவது. லாப நட்டம் நடத்தும் நாளில் அந்த நான்காவது கேள்வி, 7ஆம் வகுப்புச் சதவீதமாக இருக்கலாம். புத்தகம் மூடியிருக்கவேண்டும். மதிப்பெண் கூடாது, பதிவேடும் கூடாது. மதிப்பெண் போட்டால் பார்த்து எழுதுவார்கள், நினைவைத் தோண்டுகிற வேலையே நின்றுபோகும். விடையை உடனே சொல்லிவிடவேண்டும், இல்லையென்றால் தப்பு ஊறிப்போகும்.

கலந்து கொடுப்பதும் இதோடு சேர்ந்தது. பாடப்புத்தகப் பயிற்சியில் ஒரே வகைக் கணக்கு பத்து வரிசையாக இருக்கும். மூன்றாவது கணக்கிலிருந்து பிள்ளை கேள்வியைப் படிப்பதே இல்லை. எண்ணை எடுத்துச் சூத்திரத்தில் போடுகிறது. ரோரரும் டெய்லரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வகைத் திண்ம உருவங்களின் கன அளவை வகை வகையாகப் பயின்றவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள், கலந்து பயின்றவர்கள் 60 சதவீதம். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் வகை வகையாகப் பயின்றவர்கள் 20, கலந்து பயின்றவர்கள் 63. ஆகவே வீட்டுப்பாடமாகப் பத்து லாபக் கணக்கு கொடுப்பதற்குப் பதில் நான்கு லாபம், இரண்டு நட்டம், இரண்டு தள்ளுபடி, இரண்டு பழைய பாடம் என்று கலக்கலாம். முதல் வாரம் நிறையத் தப்பு வரும். தலைமையாசிரியர் நோட்டைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்பார். அதற்குத் தயாராக இருக்கவேண்டும்.

சாரம் கட்டுவதும் பிரிப்பதும்

ரஷ்ய உளவியலாளர் வைகோத்ஸ்கி 1934இல் 37 வயதில் காசநோயால் இறந்தவர். ஒரு பிள்ளை தனியாகச் செய்யக்கூடியதற்கும், தெரிந்தவர் துணையோடு செய்யக்கூடியதற்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் கற்பித்தல் நடக்கவேண்டும் என்றார். அதற்கு ‘சாரம் கட்டுதல்’ என்ற உவமையைக் கொடுத்தது அவரல்ல, 1976இல் வுட், புரூனர், ராஸ் என்ற மூவர். கொத்தனாருக்குத் தெரியும்: சுவர் காய்ந்தால் சாரத்தைப் பிரித்தாகவேண்டும். மேலே சொன்ன, வரிவரியாக உருவுகிற கணக்கு அப்படிப் பிரிப்பதுதான். வகுப்புகளில் கட்டிய சாரத்தை யாரும் பிரிப்பதில்லை. ஆண்டுக் கடைசி வரை “முதல்ல என்ன கண்டுபிடிக்கணும்? அடக்க விலை!” என்று ஆசிரியரே எடுத்துக்கொடுத்துக்கொண்டிருப்பார்.

பாலாற்றுப் பக்கத்தில் இதற்கு இன்னொரு முகம் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விசாரத்தில் வீட்டில் உருது பேசும் பிள்ளைகள் நிறைய. குடியாத்தம், காட்பாடியில் ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் தெலுங்கு. ‘அடக்க விலை’ என்ற சொல் அவர்கள் வீட்டில் ஒலித்திருக்காது, ஆனால் அடக்கம் என்னவென்று கடை வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளைக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். இரண்டு இரண்டு பேராக உட்காரவைத்து, இரண்டு நிமிடம் வீட்டு மொழியிலேயே பேசவிட்டு, பிறகு தமிழில் சொல்லச் சொன்னால் சொல் பொருளோடு ஒட்டிக்கொள்ளும். ‘வகுப்பில் தமிழ் மட்டும்’ என்று அதட்டினால் அவர்கள் வாயை மூடிக்கொள்வதுதான் நடக்கும்.

மாணவரை வைத்தே மாணவருக்குச் சொல்லித்தருவது நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை அதைத்தான் செய்தார். சென்னையில் ராணுவத்தார் பிள்ளைகளுக்கான அனாதை விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துத் தன் விடுதியில் புகுத்தி, மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் சேர்த்து, 1797இல் இங்கிலாந்தில் அச்சிட்டார். அங்கே அதற்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர்.

திருத்தி வாசிக்கவேண்டியவை

பியாஜே: ஒரே அளவு தண்ணீரைக் குட்டையான கிண்ணத்திலிருந்து நெட்டையான டம்ளருக்கு ஊற்றினால், ஐந்து வயதுப் பிள்ளை “இதுல தான் ஜாஸ்தி கீது” என்று டம்ளரைக் காட்டும். சமையலறையில் யாரும் செய்து பார்க்கலாம். ஆனால் அளவு மாறவில்லை என்ற புரிதல் இந்த வயதில் வராது என்று அவர் கோடு கிழித்ததில்தான் திருத்தம் வந்தது. மெக்காரிகிள், டொனால்ட்சன் இருவரும் 1974இல் காய்களை இரண்டு வரிசையாக வைத்து, பெரியவர் கலைப்பதற்குப் பதிலாக ஒரு குறும்புக்கார பொம்மைக் கரடி வரிசையைக் கலைப்பதுபோலச் செய்தார்கள். அப்போது மிகப் பல குழந்தைகள் எண்ணிக்கை மாறவில்லை என்று சரியாகச் சொன்னார்கள். பெரியவர் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால், ‘முதலில் சொன்னது தப்பு போலிருக்கிறது’ என்று குழந்தை விடையை மாற்றுகிறது. நம் வகுப்பில் ஆசிரியர் “சரியா? நல்லா யோசிச்சுச் சொல்லு” என்று புருவத்தைத் தூக்கும்போதும் இதுதான் நடக்கிறது. சரியான விடைக்கும் சில நேரம் அதே புருவத்தைத் தூக்கிப் பழகவேண்டும்.

பரிசு, தண்டனை: பிரம்புக்கு இப்போது சட்டத்தில் இடமில்லை, 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. நட்சத்திரமும் ஸ்டிக்கரும் பாதகமில்லை என்று நினைக்கிறோம். தானாகவே ஆசையோடு படம் வரைந்துகொண்டிருந்த மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் ‘வரைந்தால் சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டிச் சொன்னபோது, பின்னால் அவர்கள் வரைவது குறைந்தது என்று லெப்பரும் குழுவினரும் 1973இல் காட்டினார்கள். எதிர்பாராமல் கொடுத்த பரிசு அப்படிக் கெடுக்கவில்லை. பிடிக்காத வேலையைத் தொடங்கவைக்கப் பரிசு உதவலாம், ஏற்கெனவே பிடித்ததற்கு வேண்டாம்.

கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து அதற்கேற்பப் பாடம் நடத்தச் சொல்லும் பயிற்சிகள் இன்னும் நடக்கின்றன. பேஷ்லரும் மற்றவர்களும் 2008இல் இருந்த ஆய்வுகளையெல்லாம் அலசி, அப்படிப் பிரித்து நடத்தினால் கற்றல் கூடுகிறது என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்றார்கள். குப்பையில் போடலாம் என்று முதலில் சொன்னது இதைத்தான். வரைபடம் எல்லோருக்கும் படமாகத்தான் வேண்டும், பாட்டு எல்லோருக்கும் காதில்தான் விழவேண்டும்.

ஏணியும் அட்டையும்

கோட்பாட்டை அரசே மொத்தமாக வகுப்பறைக்குள் இறக்கிய கதையில் வேலூருக்கும் பங்குண்டு. 1990களில் இந்த மாவட்டத்தில் கொத்தடிமை வேலையிலிருந்து மீட்ட சிறுவர்களுக்காக நடந்த சிறப்புப் பள்ளிகளில், மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷி வேலி பள்ளியின் அட்டை முறை எடுத்தாளப்பட்டது. பீடி சுற்றியும் தீப்பெட்டி ஒட்டியும் வளர்ந்த பிள்ளைகள், ஒருவர் எட்டு வயதில் ‘அ’ எழுதுவார், ஒருவர் பத்து வயதில் வாசிப்பார். ஒரே பாடத்தை எல்லோருக்கும் நடத்தவே முடியாது. அந்த அனுபவம் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்குப் போய், 2007 வாக்கில் செயல்வழிக் கற்றலாக மாநிலம் முழுதும் 1 முதல் 4ஆம் வகுப்பு வரை பரவியது. சுவரில் கற்றல் படிகளைக் காட்டும் ஏணிப் படம், தட்டில் ஒவ்வொரு படிக்குமான அட்டை, பிள்ளை உயரத்துக்குக் கரும்பலகை, தரையில் பாய்.

யோசனை நல்லது: அவரவர் வேகத்தில், ஒரு படி தேறினால் அடுத்த படி. தடுமாறிய இடங்களும் கண்கூடு. அட்டை கிழிந்தோ காணாமலோ போனால் அந்தப் படியே இல்லாமல் போனது. இரண்டு ஆசிரியர் பள்ளியில் நான்கைந்து குழுக்களை ஒருவரே சுற்றிவந்தபோது, ஆசிரியர் துணை வேண்டிய குழுவுக்குத் துணை கிடைக்கவில்லை. ஏணியில் ஏறிய கணக்கை மேலதிகாரிகளுக்குக் காட்டவேண்டி வந்ததும் ஏறுவதே நோக்கமானது. மேலே போன பிள்ளை பழைய படிக்குத் திரும்பி வருவது குறைவு, ஆகவே மறதி அதன் வேலையைப் பார்த்தது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரிப்பதும் அதே பிரச்சினைக்கு இன்னொரு விடைதான். அரும்பில் வைத்த பிள்ளையை எப்போது மீண்டும் சோதிப்பது என்பதை நாட்காட்டியில் குறித்துவைக்காவிட்டால் அது நிலையாக இல்லாமல் முத்திரையாகிவிடும்.

மூன்று வாரம் கழித்து

கத்தரிக்காய்க்கு வருவோம். மூன்று வாரம் கழித்து, பீரியட் தொடக்கத்து நான்கு கேள்விகளில் ஒன்றாக இதைப் போடலாம்: குடியாத்தத்தில் 25 லுங்கி, ஒன்று 180 ரூபாய். மொத்தச் செலவில் மடித்துக் கட்டி அனுப்ப 300 ரூபாய் சேரும். ஒன்று கிழிசல். மீதி 24ஐயும் 240 ரூபாய் வீதம் விற்றாயிற்று. காய் துணியானது, கணக்கின் எலும்பு அதேதான். அடக்கம் 4,800, விற்றது 5,760, லாபம் 960, விடை 20 சதவீதம். சிலேட்டில் 28 என்று வந்தால் கட்டுக்கூலியை மறந்தவர், 25 என்றால் கிழிசலை விற்றவர்.

16⅔ மீண்டும் சில சிலேட்டுகளில் வரும். பாடத்தை மறுபடி முழுக்க நடத்தவேண்டாம். அந்தப் பிள்ளைகளை மட்டும் முன்னால் கூப்பிட்டு, “கையிலிருந்து எவ்வளவு காசு போட்டாரு?” என்று கேட்கவேண்டும். 4,800. “அதுக்கு 960 கூட வந்துச்சு. வெறும் 100 ரூபா போட்டிருந்தா எவ்வளவு திரும்பி வந்திருக்கும்?” மூன்று நொடி பொறுக்கவேண்டும், எடுத்துக்கொடுக்கக் கூடாது. ஒருவராவது சிலேட்டை அழித்துவிட்டு, “120 சார்” என்பார்.